மூக்கை நம்பாத மனிதர்

என் அக்காவின் கணவர் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் கம்ப்ரஸர் ஆபரேட்டர். அதே தொழிற்சாலையில் பேக்கிங் ஹாலுக்கு நான் சூப்பர்வைசர். வீட்டில் அவர் எனக்கு அத்தான். வேலையிடத்தில் எனக்குப் பெரிய தலைவலி. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரி என்பதால் தூக்கி வைத்துப் பேசுகிறாள் என்று நாளைக்கு யாரும் என் முகத்துக்கு நேராகச் சொல்லக் கூடாது.

எங்கள் இடத்துக்கு மீன் வரும். கழுவி, வெட்டி, பெட்டியில் அடுக்கி, உறைய வைத்து லாரியில் ஏற்றி அனுப்புவோம். அதற்கு வேண்டிய குளிரைக் கொடுப்பது அம்மோனியா. கம்ப்ரஸர் அறையிலிருந்து கிளம்பும் குழாய்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, எங்கள் ஹாலின் கூரைக்கு அடியில் ஓடித் திரும்பிப் போகும். குழாய்க்குள் இருக்கும்வரை அது பரம சாது. வெளியே வந்துவிட்டால் ஈரத்தைத் தேடிப் போகும். மனிதரிடம் ஈரம் எங்கே இருக்கிறது? கண்ணில், வாயில், தொண்டையில், நெஞ்சுக்குள். கொஞ்சமாக வந்தால் எரிச்சலோடு விட்டுவிடும். நிறைய வந்தால் ஆளையே கொண்டுபோய்விடும்.

கசிவைக் கண்டுபிடிக்க எங்கள் ஆட்கள் நம்பியது மூக்கை. அதில் அவர்களுக்கு ஒரு பெருமை வேறு. கம்ப்ரஸர் அறைக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் உள்ளே பத்து நிமிடம் நிற்க வைப்பார்கள். கண்ணைக் கசக்காமல் நின்றால் ஆள் தேறினான். கசக்கினால் ஒரு மாதத்துக்குக் கிண்டல். அந்த அறையின் தலைமை மெக்கானிக்குக்குத் தொழிற்சாலை முழுக்க 'மூக்கு மாஸ்டர்' என்றுதான் பெயர். காலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றுவார். ஏதாவது ஓர் இணைப்பின் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சுவார். "இங்கதான்" என்பார். ஸ்பானர் வைத்துப் பார்த்தால் கசிவு அங்கேதான் இருக்கும். மேனேஜருக்கு அவர் மேல் அப்படி ஒரு மதிப்பு.

இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்த என் அத்தானுக்கு வாசனையே தெரியாது.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் படுக்கையில் கிடந்து எழுந்தார். எழுந்த நான்காம் நாள் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. உள்ளே ஓடினால், அடுப்பில் பால் பொங்கி, அடிப்பிடித்து, தீய்ந்து, பாத்திரம் சிவந்துகொண்டிருக்கிறது. இரண்டடி தள்ளி நாற்காலியில் அத்தான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன அத்தான், வீட்டைக் கொளுத்துறதா முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கத்தினேன்.

அவர் பாத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து போய் அலமாரியில் இருந்த மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்து மூக்கருகே வைத்துக்கொண்டார். அப்படியே நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து என் வாய் தானாக மூடிக்கொண்டது.

மருத்துவர் பரிசோதித்துவிட்டு, நரம்பு போய்விட்டது, இனித் திரும்புவது சந்தேகம்தான் என்றார். கண் எரியும், தொண்டை கரிக்கும், அதெல்லாம் தெரியும். ஆனால் அம்மோனியா எரிக்கிற அளவுக்கு வந்த பிறகு தெரிந்து என்ன பயன்? தொழிற்சாலைக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். அக்காவுக்கு அப்போது இரண்டும் சின்னப் பிள்ளைகள். "நீ வாயை மூடிட்டு இரு, அது போதும்" என்று அக்கா என்னிடம் சொன்னாள். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று. இருந்தாலும் மூடிக்கொண்டேன்.

அது தப்பு. அன்றும் எனக்கு அது தப்பென்றுதான் பட்டது. ஐம்பது பேர் உயிர் இருக்கிற இடத்தில் இப்படி ஒரு விஷயத்தை மறைத்தோம், மூன்று பேரும். அதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

ஆனால் அத்தான் சும்மா மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மறுபடி வேலைக்குப் போவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூட ஆய்வகச் சாமான் விற்கும் கடைக்குப் போய்ச் சிவப்பு லிட்மஸ் தாள் ஒரு பெட்டி வாங்கி வந்தார். விரல் நீளத் தாள். தண்ணீரில் நனைத்து அம்மோனியா இருக்கிற இடத்தில் பிடித்தால் நீலமாக மாறிவிடும். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மணிக்கு ஒருமுறை கிளம்புவார். கம்ப்ரஸர் அறையிலும் எங்கள் ஹாலிலுமாகச் சேர்த்து எழுபத்து மூன்று இணைப்புகள், வால்வுகள். ஒவ்வொன்றின் கீழும் தாளைப் பிடிப்பார், பார்ப்பார், ஒரு நோட்டில் எழுதுவார். மழையோ வெயிலோ, ஆள் பற்றாக்குறையோ, காய்ச்சலோ, அந்தச் சுற்று நிற்காது. சீக்கிரமே அவருக்குக் 'காகிதக்காரர்' என்று பெயர் விழுந்தது. "என்ன காகிதக்காரரே, இன்னைக்குப் பரீட்சையில பாஸா?" என்று சாப்பாட்டு அறையில் கிண்டல் செய்வார்கள். அவரும் கூடச் சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நானும் அவரோடு ஒழுங்காக இருந்தவள் இல்லை. ஒருமுறை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று, கம்ப்ரஸர் அறைத் தரையையும் பளபளவென்று கழுவித் தரச் சொல்லி எங்கள் துப்புரவு அம்மாவை அனுப்பினேன். நல்ல எண்ணம்தான். அந்த அம்மா ஒரு வாளி ப்ளீச்சிங் தண்ணீரோடு போனார். கழிவு எண்ணெய் வடிக்கிற தொட்டிப் பக்கம் வாளியைச் சாய்க்கப் போகும்போது அத்தான் பாய்ந்து வாளியைப் பிடுங்கி வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"யாரைக் கேட்டு ப்ளீச்சிங் அனுப்பின?"

"சுத்தம் பண்ணத்தானே அனுப்பினேன்? விஷமா அனுப்பினேன்?"

"ஆமா, விஷம்தான். அந்த எண்ணெயில அம்மோனியா கலந்திருக்கு. அதுல ப்ளீச்சிங் விழுந்தா வேற புகை கிளம்பும். அந்த அம்மா தொட்டி மேலயே குனிஞ்சு நிக்கிறாங்க. அவங்க மூச்சுக்குள்ளதான் முதல்ல போகும்."

நாற்பது பேர் முன்னால் திட்டு வாங்கினது எனக்கு ஒரு வாரம் ஆறவில்லை. அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் என் மேசையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. அம்மோனியாவோடு கம்பெனி அனுப்புகிற எச்சரிக்கைக் குறிப்பு, வேற்று மொழியில் பதினான்கு பக்கம். அதை அத்தான் பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் கொடுத்து, வரி வரியாக அர்த்தம் கேட்டு, தமிழில் தன் கையாலேயே எழுதியிருந்தார். எது எதோடு சேரக் கூடாது, கண்ணில் பட்டால் எத்தனை நிமிடம் தண்ணீர் விட வேண்டும், திரவமாகத் தரையில் தேங்கினால் அதன் மேல் ஏன் தண்ணீர் அடிக்கக் கூடாது, எல்லாம் இருந்தது. அந்தப் பதினான்கு பக்கம் எங்கள் அலுவலக அலமாரியில் எத்தனை வருடம் தூங்கியதோ! நான் இத்தனை வருடமாகத் தலைக்கு மேல் எதை வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கோபம் போய்விட்டது. கொஞ்சம் வெட்கமும் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஆரம்பித்தார். கூரை மேல் ஒரு கம்பத்தை நட்டு, என்னிடம் பழைய சிவப்புத் திரைச்சீலை ஒன்று கேட்டு வாங்கிக் கட்டினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டு அதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டுமாம். ஆபத்துக்கு மாட்டிக்கொள்ளும் காற்று உருளை முகமூடி ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது வேண்டும் என்று மேனேஜர் அறைக்கு நடையாய் நடந்தார். "ஒண்ணு இருக்கே, போதாதா?" என்று மேனேஜர் கேட்டதற்கு, "உள்ள போறவர் விழுந்துட்டா அவரைத் தூக்கிட்டு வர யார் போறது சார்? நீங்களா?" என்று கேட்டுவிட்டார். மேனேஜர் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார். ஆனால் இரண்டாவது முகமூடி வந்தது.

எங்கள் ஹால் பெண்களையும் அவர் விடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் தேநீர் இடைவேளையில், மணி அடித்து எல்லாரையும் வெளியேற்றிப் பழக்கினார். நாற்பத்தாறு பெண்கள் பாதித் தேநீரை வைத்துவிட்டு வெயிலில் வரிசையாக நின்றுகொண்டு அவரைச் சபித்தது கொஞ்சநஞ்சமா? நானும்தான் சபித்தேன். அத்தான் என்று பார்க்கவில்லை.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. காலைப் பதினொரு மணி. வெளியே லாரி வந்து நின்றுவிட்டது. ஏற்ற வேண்டிய பெட்டிகள் பாதிதான் முடிந்திருந்தன. மேனேஜர் ஹாலுக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். அத்தான் வழக்கமான சுற்றுக்கு வந்தார். ஏணியில் ஏறி, கூரைக்கடியில் இருக்கும் குளிர் யூனிட்டின் வால்வுக்குக் கீழே தாளைப் பிடித்தார். இறங்கி வந்து இன்னொரு தாளை நனைத்து, வால்விலிருந்து ஐந்தடி தள்ளிப் பிடித்தார். பிறகு ஹால் நடுவில், என் மேசைக்குப் பக்கத்தில் நின்றே பிடித்தார். மூன்றுமே நீலம். பத்து மணிச் சுற்றில் எல்லாம் சிவப்பாகவே இருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன்.

"எல்லாரையும் வெளிய அனுப்பு" என்றார் என்னிடம். குரல் உயரவே இல்லை.

நான் மணிக் கயிற்றில் கை வைப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். மூக்கு மாஸ்டரையும் கூப்பிட்டு அனுப்பினார். மாஸ்டர் வந்து யூனிட்டுக்குக் கீழே நின்று, எல்லாரும் பார்க்க மூக்கை உறிஞ்சினார்.

"வழக்கமான வாடைதான் சார். நேத்து எண்ணெய் வடிச்சோம்ல, அதோட மிச்சம். ஒண்ணும் பயமில்ல."

நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: எனக்கும் வழக்கமான வாடையாகத்தான் இருந்தது. ஹாலில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காலை ஆறு மணியிலிருந்து உள்ளேயே இருக்கிறோம்.

மேனேஜர் அத்தான் பக்கம் திரும்பினார். "ஏன்யா, லாரி நிக்கிற நேரத்துல ஹாலைக் காலி பண்ணச் சொல்ற. உறையாத மீன் அத்தனையும் பாழாப் போகும். காகிதத்தை விடு. உன் மூக்கு என்ன சொல்லுது? அதைச் சொல்லு."

'பலமா வாடை அடிக்குது சார்' என்று ஒரு பொய் சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் மாஸ்டருக்கு எதிராக அவர் மூக்கை யார் நம்புவார்கள்? உண்மையைச் சொன்னால் பதினோரு வருடம் கட்டிக் காத்த வேலை அந்த நிமிடமே போகும். அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஆமாம், நான்தான் ஆட்டினேன்.

"எனக்கு மூக்கு வேலை செய்யாது சார்" என்றார். "பதினோரு வருஷமா வாசனையே தெரியாது. மறைச்சது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ அப்புறம் குடுங்க. ஆனா இப்ப இங்க யார் மூக்கும் வேலை செய்யல. உள்ளயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக் கூடுறதைச் சுவாசிச்சா மூக்கு மரத்துப் போகும். வெளியில இருந்து ஒருத்தரைக் கூப்பிடுங்க. அவர் ஒண்ணுமில்லன்னு சொன்னா நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்."

மேனேஜர் வாயைத் திறந்தபடி நின்றார். நான் காத்திருக்கவில்லை. வாசலுக்கு ஓடி லாரி டிரைவரைக் கூப்பிட்டேன். நெடுஞ்சாலைக் காற்றில் நான்கு மணி நேரம் ஓட்டி வந்த மனிதர். என்ன ஏது என்று தெரியாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மூன்றடி வைத்திருப்பார். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு இருமியபடியே வெளியே ஓடினார்.

"என்னய்யா இது! உள்ள இருக்கிறது மனுஷங்கதானா?" என்று வெளியிலிருந்து அவர் கத்தியது எல்லாருக்கும் கேட்டது.

நான் மணியை அடித்தேன். மேனேஜர் தடுக்கவில்லை.

வெளியே கூரைக் கொடி லாரி வாசல் பக்கம் பறந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் வழக்கமான வாசல் ஆகாது. பின்பக்கம், ஐஸ் அறையைத் தாண்டி, காலி நிலத்துக்குப் போக வேண்டும். நாற்பத்தாறு பேரும் நேராக அந்தப் பக்கம் திரும்பினார்கள். தேநீரை விட்டுவிட்டு வெயிலில் நின்ற பழக்கம். ஒருத்தி மட்டும் பையை எடுக்கத் திரும்பினாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன். காலி நிலத்தில் நிறுத்தி எண்ணினேன். நாற்பத்தாறு. மறுபடி எண்ணினேன். நாற்பத்தாறுதான்.

ஹாலுக்குப் போகும் குழாயை அடைக்கும் வால்வு, ஹாலுக்கும் கம்ப்ரஸர் அறைக்கும் நடுவே உள்ள நடைவழியில் இருக்கிறது. நான் அதன் வெளிக்கதவுக்கு ஓடி வந்தேன். அங்கே அத்தான் முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தபோதே ஹாலுக்குள் பட்டென்று ஒரு சத்தம். கூரையடி வால்வின் கழுத்து பிய்த்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். வெள்ளைப் புகை ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உருண்டு போனது. என் மேசை, எடை மெஷின், பெண்கள் நிற்கும் வரிசை எல்லாம் மறைந்தன. மணி அடித்து ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"போய்யா! சீக்கிரம் போய் மூடு!" என்று மேனேஜர் கத்தினார்.

"தனியாப் போக மாட்டேன் சார்" என்றார் அத்தான்.

எனக்கு அந்த இடத்தில்தான் அவர் யாரென்று புரிந்தது. அவமானப்பட்டு நிற்கிற மனிதர். வேலை போய்விட்ட மாதிரிதான். வேறு யாராக இருந்தாலும் தன்னைக் காட்டிக்கொள்ள உள்ளே பாய்ந்திருப்பார்கள். இவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, இரண்டாவது முகமூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். மூக்கு மாஸ்டர் முன்னால் வந்து அதை வாங்கிக்கொண்டார். "கயிறு என் கையில இருக்கு. நீ போ" என்றார். இருவரும் போனார்கள். அந்த நேரத்தில் காவலாளி தீயணைக்கும் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, கதவிடுக்கு வழியாகத் தரையில் தேங்கிய திரவத்தின் மேல் தண்ணீர் அடிக்கப் போனார். நான் பாய்ந்து குழாயைப் பிடுங்கினேன். தண்ணீர் பட்டால் அது கொதித்து இன்னும் பல மடங்கு புகையாகக் கிளம்பும். பதினான்கு பக்கத்தில் ஆறாம் பக்கம். "அம்மா, நீங்க இதெல்லாம் எப்பப் படிச்சீங்க?" என்றார் காவலாளி. "கோபத்துல படிச்சேன்" என்றேன்.

நான்கு நிமிடத்தில் வால்வை அடைத்துவிட்டு இருவரும் நடந்து வெளியே வந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இரண்டு டன் மீன் போனது. போகட்டும்.

ஆனால் மூன்றாம் நாள் அத்தான் கைக்கு ஒரு கடிதம் வந்தது. உடல் குறையை மறைத்து ஆபத்தான பணியில் இருந்ததற்காக ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது, திங்கட்கிழமை நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று. அக்கா அழுது தீர்த்தாள். "ஊரைக் காப்பாத்தினீங்க, சரி. நம்ம வீட்டை யார் காப்பாத்துறது?" என்றாள். அத்தான் திங்கட்கிழமை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் தெரிந்தே மறைத்தவள்தானே. கூப்பிடாமலே நானும் போனேன்.

மேனேஜர் அறையில் முதலாளியும் இருந்தார். மூக்கு மாஸ்டரையும் வரச் சொல்லியிருந்தார்கள். முதலாளி சுற்றி வளைக்கவில்லை.

"நீ நல்லது செஞ்சே. அதுல சந்தேகமில்ல. ஆனா வாசனை தெரியாத ஆளைக் கம்ப்ரஸர் ரூம்ல எப்படி வைக்கிறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது? மாஸ்டர் மாதிரி மூக்கு இருக்கிற ஆள்தான் அங்க வேணும்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறந்துவிட்டேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. அதற்குள் மாஸ்டர் எழுந்து நின்றார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

"முதலாளி, எனக்கும் தெரியாது."

"என்ன தெரியாது?"

"வாடை. நாலு வருஷம் ஆச்சு. முப்பது வருஷம் இந்தக் காத்தைக் குடிச்சதுல கொஞ்சம் கொஞ்சமா மங்கி, ஒரு நாள் சுத்தமாப் போயிடுச்சு. அன்னைக்கு ஹால்ல வழக்கமான வாடைன்னு சொன்னேன் பாருங்க, எனக்கு ஒரு வாடையுமே வரல. வரலன்னு சொல்ல வெட்கம். இந்தத் தம்பி அத்தனை பேர் முன்னால சொன்னான். எனக்குத் தைரியம் வர நாலு நாள் ஆச்சு."

மேனேஜர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அப்ப நாலு வருஷமா தினமும் காலைல வந்து 'இங்கதான், இங்கதான்'னு காட்டினீங்களே? அது எப்படி?"

மாஸ்டர் அத்தானைப் பார்த்தார். "இவன் நோட்டைப் பார்த்துத்தான். அரை மணி நேரம் முன்னாலயே வந்து படிச்சுட்டு, அப்புறம் சுத்தி வருவேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க முடியவில்லை, இருமுவது போல் சமாளித்தேன். நான்கு வருடமாகத் தொழிற்சாலை கைகட்டி மதித்த மூக்கு அத்தானுடைய சட்டைப்பையில் இருந்திருக்கிறது!

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அத்தான் பக்கம் திரும்பினார். "அவர் உன் நோட்டைப் பார்க்கிறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? பேரெல்லாம் அவருக்கில்ல போச்சு?"

"கசிவு அடைபட்டுச்சுல்ல சார். யார் கண்டுபிடிச்சாங்கன்னு குழாய்க்குத் தெரியவா போகுது?" என்றார் அத்தான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அண்ணனுக்குக் கண்ணும் கொஞ்சம் மங்கல். அதனால ரெண்டு வருஷமா எழுத்தைப் பெரிசாவே எழுதினேன்" என்றார்.

மாஸ்டர் அப்படியே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

முதலாளி இருவரையும் நன்றாகத் திட்டினார். மறைத்தது மறைத்ததுதான் என்றார். என்னையும் சேர்த்துத் திட்டினார். நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன். பிறகு அந்தக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, குறுக்காக ஒரு கோடு போட்டு, கையெழுத்திட்டார். கசிவு காட்டும் மெஷின்கள் எட்டு வாங்கச் சொன்னார். மெஷின் வந்தாலும் தாள் சுற்று நிற்கக் கூடாது, அதற்கு இனி அத்தான்தான் பொறுப்பு, அவர் காலி செய் என்றால் மேனேஜரே ஆனாலும் கேள்வி கேட்காமல் வெளியே போக வேண்டும் என்று எழுதி மூன்று கதவுகளிலும் ஒட்டச் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் அத்தானை நிறுத்தினேன். பதினைந்து வருடத்தில் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "அத்தான், உங்களை நினைச்சா எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு" என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணி ஆகப் போகுது. சுத்துக்குப் போகணும். வழியை விடு" என்றார்.